வாரம்பங்கிள் தேசியப் பூங்கா: எரிமலை எச்சங்களுக்கு நடுவே எளிய நடைபாதைகள்

வாரம்பங்கிள் தேசியப் பூங்கா ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கூனாபராபிரான் என்னும் சிற்றூருக்கு மேற்கே ஏறக்குறைய 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சிட்னியிலிருந்து காரில் ஆறேழு மணி நேரப் பயணம். பரப்பு சுமார் 23,000 ஹெக்டேர். ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கனன்று அடங்கிய பெரிய எரிமலை ஒன்றின் எச்சங்களே இதன் குன்றுகளும் கூம்புகளும். மிக உயர்ந்தது எக்ஸ்மவுத் மலை, 1,206 மீட்டர். 1953இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2006இல் ஆஸ்திரேலிய தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2016இல் அந்நாட்டின் முதல் இருள்வானப் பூங்கா என்ற சிறப்பையும் பெற்றது.

கயிறும் கொக்கியும் கொண்டு பாறை ஏறுவோருக்கு இந்த மலைகள் நெடுங்காலமாகப் பழக்கம். ஆனால் பூங்காவின் பெருமை அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. முதியவர்கள், குழந்தைகளைக் கூட்டிவருவோர், சக்கர நாற்காலியில் வருவோர் என யாராக இருந்தாலும் எரிமலையின் உட்கூட்டைக் கண்ணெதிரே பார்த்துவிட்டுத் திரும்பும்படி இங்கே குறுகிய பாதைகள் அமைந்துள்ளன. உச்சியில் நிற்பவருக்கு, தாம் நிற்கும் பாறையின் உருவம் தெரியாது. எதிர்க்குன்றில் நிற்பவருக்கே அது முழுதாகத் தெரியும். அந்த வகையில் வாரம்பங்கிளை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு நீண்ட ஏற்றத்தைவிடக் குறுநடைகளே நல்ல தொடக்கம்.

எரிமலையின் கதை

இந்த எரிமலை ஏறக்குறைய 1.7 கோடி ஆண்டுகள் முதல் 1.3 கோடி ஆண்டுகள் முன்புவரை விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்தது. கவிழ்த்து வைத்த கேடயம்போல விரிந்து கிடந்ததால் இதைக் கேடய எரிமலை என்கிறார்கள். அதன் குறுக்களவு சுமார் 50 கி.மீ. அடியில் இருந்தது, டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்து மணற்கல். அந்த மணற்கல்லைப் பிளந்துகொண்டுதான் குழம்பு மேலே வந்தது.

கண்டத்தின் நடுவில் எரிமலை எப்படி வந்தது என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆஸ்திரேலியா ஏறியிருக்கும் புவித்தட்டு ஆண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் அளவில் வடக்கு நோக்கி நகர்கிறது. தட்டுக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் வெப்பப்புள்ளியோ இடம்பெயராமல் கிடக்கிறது. விளக்குச் சுடருக்கு மேலே காகிதத்தை மெல்ல இழுத்தால் கரும்புள்ளிகள் வரிசையாக விழும் அல்லவா? அதைப் போலவே கிழக்கு ஆஸ்திரேலியாவில் எரிமலைகள் வடக்கிலிருந்து தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன. வடக்கே இருப்பவை மூத்தவை, தெற்கே இருப்பவை இளையவை. வாரம்பங்கிளுக்கு வடக்கிலுள்ள கபுட்டார் மலை இதைவிட மூத்தது; தெற்கிலுள்ள கனோபோலாஸ் மலை இளையது.

இனி, இன்று காணும் உருவங்களுக்கு வருவோம். எரிமலை கக்கியவற்றில் சாம்பலும் உடைகற்களும் ஏராளம். அவை அடுக்கடுக்காகப் படிந்து மெத்தென்ற பாறையாக இறுகின. பிறகு டிராக்கைட் என்னும் வகைக் குழம்பு மேலெழுந்தது. அது பாகுபோலக் கெட்டியானது, எளிதில் வழிந்தோடாது. வெடிப்புவாயில் சிக்கிய இடத்தில் தக்கைபோல இறுகியது. விரிசலுக்குள் புகுந்த இடத்தில் சுவராக நின்றது. எரிமலை ஓய்ந்த பின் மழையும் வெயிலும் வேலையைத் தொடங்கின. மெத்தென்ற சாம்பற்பாறை கரைந்து போனது, கடினமான டிராக்கைட் எஞ்சியது. ஐம்பொன் சிலை வார்ப்பவர் மண் அச்சை உடைத்ததும் உள்ளிருந்து சிலை வெளிப்படுவதற்கு ஒப்பானது இது. இங்கே அச்சு உடைய ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆனது.

அவ்வாறு வெளிப்பட்ட உருவங்களில் புகழ்பெற்றது பிரெட்நைஃப். ரொட்டி அறுக்கும் கத்தியைப் போன்றிருப்பதால் இந்தப் பெயர். ஏறக்குறைய 90 மீட்டர் உயரம்; கனமோ சில மீட்டர்தான். முப்பது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு ஒற்றைச் சுவர் எழுப்பி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டதுபோல் நிற்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் அது ஒரே பாளமாக இல்லை. குளிர்ந்தபோது உண்டான வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், காரை பூசாமல் கல் அடுக்கிய கோட்டை மதில்போலத் தெரியும். பெலூகரி ஸ்பைர், கிரேட்டர் பிளஃப், பிளஃப் மலை ஆகியவை தக்கையாகவும் குவிமாடமாகவும் இறுகியவை.

எரிமலை ஓய்ந்திருந்த இடைவெளிகளில் இங்கே ஏரிகளும் இருந்தன. சாம்பலில் இருந்து கரைந்த சிலிக்காவை உண்டு டயாட்டம் என்னும் நுண்பாசிகள் செழித்தன. அவற்றின் ஓடுகள் படிந்த வெண்ணிறப் படிவுகள் பூங்காவுக்கு வெளியே சாக் மலையில் கிடைக்கின்றன. மீன்களும் இலைகளும் அவற்றுள் புதைபடிவமாகப் பதிந்திருக்கின்றன.

மக்களும் பெயர்களும்

வாரம்பங்கிள் என்பது கமிலராய் மொழிச் சொல். கோணல் மலைகள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். இதைவிடப் பொருத்தமான பெயரை வேறு யாரும் வைத்திருக்க முடியாது. கமிலராய், விராஜுரி, வெயில்வான் மக்களின் நிலங்கள் சந்திக்கும் இடம் இது. 1818இல் இவ்வழியாக வந்த ஆங்கிலேய நில ஆய்வாளர் ஜான் ஆக்ஸ்லி, இதற்கு ஆர்பத்நாட் மலைத்தொடர் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை, மண்ணின் மக்கள் வைத்ததே நின்றது.

பாறை ஏறுவோரின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஒருவர் டாட் பட்லர். 1936இல், திருமணத்துக்கு முன் டோரதி இங்கிலிஷ் என்ற பெயரில் இருந்தபோது, எரிக் டார்க் என்ற மருத்துவருடன் கிரேட்டர் பிளஃப் மீது ஏறினார். காலில் செருப்புகூட இல்லாமல் மலை ஏறுவது அவர் வழக்கம். பின்னாளில் எழுதிய தன்வரலாற்றுக்கும் வெறுங்கால் நடையாளர் என்ற பொருளிலேயே தலைப்பிட்டார்.

காடுகளைக் காக்கும் இயக்கத்தை முன்னெடுத்த மைல்ஸ் டன்ஃபி போன்றோரின் முயற்சியும், பிஞ்சம் என்ற நில உடைமையாளர் கொடையாகத் தந்த நிலமும் சேர்ந்து பூங்கா உருவாக வழி செய்தன. முதல் காவலராகப் பணியாற்றிய கார்ல் டவ் என்பவரின் உழைப்பில் உருவானவையே இன்றைய பாதைகள் பல. பாதை எந்த வளைவில் திரும்பினால் எந்தச் சிகரம் கண்ணில் படும் என்று தெரிந்து வெட்டியிருக்கிறார்கள். நடக்கும்போது அது விளங்கும்.

எளிய பாதைகள்

வைட்கம் காட்சிமுனை: போய்வர 1 கி.மீ. கூனாபராபிரானிலிருந்து வரும் சாலை பள்ளத்தாக்கில் இறங்குவதற்கு முன்பே இதன் தொடக்கம் வந்துவிடும். தளம் போட்ட பாதை; துணைக்கு ஒருவர் இருந்தால் சக்கர நாற்காலியிலும் போகலாம். இருபுறமும் வெண்ணிற அடிமரம் கொண்ட யூகலிப்டஸ் மரங்கள். நீலகிரியில் தைல மரம் என்று நாம் அழைக்கும் மரத்தின் உறவினம்தான் இது. தைல மரங்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்தே நீலகிரிக்கு வந்தவை. பாதை முடியும் இடத்தில் மரங்கள் விலக, எதிரே எரிமலையின் மையப்பகுதியின் சிகரங்கள் அத்தனையும் ஒரே பார்வையில் விரிகின்றன. பகலில் அவை பச்சைப் போர்வைக்கு மேலே தலை நீட்டும் சாம்பல்நிறப் பாறைகள். அந்திக்குப் பின் கருநிழல் உருவங்கள். ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம், அதுவும் மாலையில்.

வாம்பெலாங் இயற்கைப் பாதை: 1.1 கி.மீ. சுற்று. ஓடைக்கரையோரம் ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் செல்கிறது. நிலவியலில் ஆர்வம் இருப்பவர் ஓடையின் கூழாங்கற்களைக் குனிந்து பார்க்க வேண்டும். வெளிர்சாம்பல் நிற டிராக்கைட், கருநிற பசால்ட், மஞ்சளோடிய மணற்கல் எல்லாம் கலந்து கிடக்கும். மேலே சிகரமாக நிற்பதும் அடித்தளமாகப் புதைந்திருப்பதும் ஓடையில் பக்கத்தில் பக்கத்தில் உருள்கின்றன. மழையில்லாக் காலத்தில் ஓடை வறண்டு, அங்கங்கே குட்டையாக நிற்கும். காலையிலும் மாலையிலும் சாம்பல் கங்காருக்கள் கரையில் மேயும். காசில்ரே ஆறும் இந்த மலைகளில்தான் பிறக்கிறது.

பர்பி கேன்யன்: மணற்கல்லை ஓடை அறுத்து உண்டாக்கிய குறுகிய பள்ளத்தாக்கு வழியே செல்லும் சிறுநடை. எரிமலைக்கு முந்திய நிலத்தை இங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

டாரா குகைப் பாதை: வாம்பெலாங் ஓடையைக் கடந்து மெல்ல ஏறும் இந்தப் பாதை, முதற்குடி மக்கள் தங்கியிருந்த மணற்கல் பாறைக்குடைவுக்குக் கொண்டுசெல்கிறது. கற்கோடரிகளைத் தீட்டியதால் பாறையில் விழுந்த நீண்ட பள்ளங்களைக் காணலாம். ஒரு கல்லில் இன்னொரு கல்லைத் தேய்த்துத் தேய்த்து, தலைமுறை தலைமுறையாக விழுந்த தடம் அது. தொடக்கூடாது, வேலிக்கு வெளியே நின்றே பார்க்க வேண்டும்.

ஃபேன்ஸ் ஹொரைசன்: போய்வர 3.6 கி.மீ. எளிய பாதைகளின் எல்லைக்கோட்டில் இருப்பது. அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செல்ல வேண்டும். மற்றவர்கள் மூச்சு வாங்க வாங்க ஏறினாலும், பெலூகரி ஸ்பைரும் பிரெட்நைஃபும் நேரெதிரே தோன்றும் காட்சிமுனையை அடைந்ததும் களைப்பு தெரியாது.

கிராண்ட் ஹை டாப்ஸ் எனப்படும் 14.5 கி.மீ. சுற்று எளிய நடை அல்ல, முழுநாள் வேலை. பிரெட்நைஃபின் அடியை ஒட்டிச் செல்வது இதுதான். ஆனால் பிஞ்சம் வண்டி நிறுத்தத்திலிருந்து ஸ்பைரி ஓடையோரம் செல்லும் இதன் தொடக்கப் பகுதி சமதரை. ஏற்றம் வரும்வரை நடந்து, சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் குறையொன்றுமில்லை.

தாவரமும் விலங்கும்

கிழக்கின் ஈரப்பதமும் மேற்குச் சமவெளியின் வறட்சியும் சந்திக்கும் இடம் இது. பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் இங்கே வெயில் விழுவது வடக்குச் சரிவில். தெற்குச் சரிவு நிழலும் ஈரமும் கொண்டது. நம் ஊர்க் கணக்குக்கு நேர்மாறு. ஒரே குன்றின் இருபக்கமும் வேறுவேறு காடாக இருப்பதற்கு இதுவே காரணம். ஈமு, கோவாலா, ஆப்புவால் கழுகு, பலவகைக் கிளிகள் ஆகியவற்றுடன், அருகிவரும் தூரிகைவால் பாறை வாலபியும் இந்தப் பாறைகளில் வாழ்கிறது.

2013 தீ

2013 ஜனவரியில் மூண்ட காட்டுத்தீ பூங்காவின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. பூங்காவுக்கு வெளியே எரிந்த நிலத்தையும் சேர்த்து 50,000 ஹெக்டேருக்கு மேல் கருகின. சுற்றுவட்டாரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பூங்காவின் பார்வையாளர் மையமும் சாம்பலானது. பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது. பூங்காவின் விளிம்பில் உள்ள சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் விடுதி உள்ளிட்ட சில கட்டடங்கள் எரிந்தாலும் தொலைநோக்கிகள் தப்பின. 1974இல் திறக்கப்பட்ட 3.9 மீட்டர் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கி அவற்றுள் ஒன்று.

அந்தத் தீயின் தடத்தைப் பாதையோர மரங்களில் படிக்கலாம். யூகலிப்டஸின் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள், கிளைகள் கருகியதும் விழித்து அடிமரத்திலிருந்தே தளிர்க்கும். கருத்த தண்டைச் சுற்றிப் பச்சை மயிர் முளைத்ததுபோல் இருக்கும். சைப்ரஸ் பைன் மரங்களுக்கு அந்த வரம் இல்லை. கடுந்தீயில் செத்தால் செத்ததுதான்; விதையிலிருந்தே மீண்டும் எழ வேண்டும்.

செல்வோருக்கு

செப்டம்பர், அக்டோபரில் வரும் வசந்தமும், மார்ச் முதல் மே வரையிலான இலையுதிர் காலமும் நடைக்கு ஏற்றவை. கோடையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். குளிர்கால இரவுகளில் உறைநிலைக்குக் கீழே போகும். ஓடைகளை நம்பாமல் குடிநீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். பிரெட்நைஃப் மீது ஏறத் தடை உண்டு. வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதியில்லை. கடுந்தீ அபாய நாட்களில் பூங்கா மூடப்படலாம் என்பதால், கிளம்புமுன் நிலவரம் கேட்டுக்கொள்வது அவசியம்.

நடை முடிந்ததும் இருட்டுமுன் ஊர் திரும்பிவிடாதீர்கள். வாம்பெலாங், பிளாக்மன் முகாம்களில் ஓர் இரவு தங்குங்கள். கைவிளக்கை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். அதன்பின் பால்வீதி தலைக்கு மேலே, அணைந்த எரிமலையின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை நீண்டு கிடப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.