காஞ்சிபுரம் கோர்வைப் புடவை

உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் நெய்யப்பட்டு, தறியிலேயே ஒன்றோடொன்று கோக்கப்படும் பட்டுப்புடவை கோர்வைப் புடவை எனப்படும். காஞ்சிபுரம் பட்டின் அடையாளம் எது என்று கேட்டால், வாங்குபவர்கள் ஜரிகையைச் சொல்வார்கள்; நெய்பவர்கள் கோர்வையைச் சொல்வார்கள். நெய்பவர்கள் சொல்வதே சரி. ஜரிகைக்குப் பேர்போன ஊர் சூரத்து. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரம் தன் பங்காகச் சேர்ப்பது இந்தக் கைவேலையைத்தான்.

சாதாரணத் தறியில் ஊடைநூலை, அதாவது குறுக்கிழையை, இழுத்துச்செல்லும் ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடும். கரையின் பாவு, அதாவது நெடுக்கிழை, வேறு நிறமாக இருந்தாலும் உடலின் ஊடைநூல் அதற்குள் புகுந்து நிறத்தைக் கலங்கடித்துவிடும். கோர்வைக்கு மூன்று நாடாக்கள். நடு நாடா உடலோடு நின்றுவிடும். ஓரத்து நாடாக்கள் இரண்டும் தத்தம் கரையை மட்டும் நெய்யும். எல்லையில் இரு ஊடைநூல்களும் கொக்கிபோல் ஒன்றையொன்று பற்றித் திரும்பும். அதனால்தான் மாம்பழ மஞ்சள் உடல் முடிகிற இடத்தில் அரக்குக் கரை சட்டென்று தொடங்குகிறது. அந்த எல்லையை முக்கோண முக்கோணமாக ஏற்றி இறக்கினால் அது கோபுரக்கரை. புடவையைத் திருப்பிப் பார்த்தால் இணைப்பு ஓடும் இடம் கைக்குச் சற்றே மேடு தட்டும். கடைக்காரரிடம் விசாரிப்பதைவிட இது நம்பகமான சோதனை.

மூன்று நாடாக்களையும் ஒருவரே வீசிக்கொண்டிருக்க முடியாது. நெசவாளி குழித்தறியில் அமர, பக்கத்தில் இன்னொருவர் ஒரு கரையைக் கவனிப்பார். நெடுங்காலம் அந்த இன்னொருவர் பள்ளிக்குப் போக வேண்டிய வயதுப் பிள்ளையாக இருந்தது இத்தொழிலின் இருண்ட பக்கம். நெய்பவர் வீட்டுப் பெண்ணுக்குப் பட்டுப்புடவை எட்டாத பொருளாக இருந்த நிலையைப் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படம் கதையாக்கியது. அதில் நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜ் தேசிய விருது பெற்றார்.

முந்தானையும் வேறு நிறம் என்றால் பாவையே மாற்ற வேண்டும். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய இழை ஒன்றைக் கையால் முறுக்கிச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாகச் சிறிது தூரம் நெய்தபின் பழையதை வெட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் இதே வேலை. இதற்குப் பெட்னி என்று பெயர். முந்தானை தொடங்கும் இடத்தில் இரு நிறமும் கலந்து தடிப்பாகத் தெரியும் சிறு பட்டை, பிழையல்ல. பெட்னி போட்டதற்கான சாட்சி.

காஞ்சியில் நெசவு பழையது. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு, கச்சிப்பேடு என்று அன்று வழங்கிய காஞ்சியின் நெசவாளர் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்ற நெசவாளர்களிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதைப் பதிவுசெய்கிறது. கோயில் கணக்கை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அவர்களுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. ஆனால் பட்டுப்புடவைதான் காஞ்சிபுரம் என்ற இன்றைய நிலை அவ்வளவு பழையதல்ல; முன்பு இங்கே பருத்தி நெசவே ஓங்கியிருந்தது.

20-ஆம் நூற்றாண்டில் பழைய கரைகளுக்கும் நிறச்சேர்க்கைகளுக்கும் மறுவாழ்வு தந்தவர்களில் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் அமைத்த ருக்மிணி தேவி அருண்டேல் முக்கியமானவர். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலம் ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே கடைகளில் கேட்கப்படும் நிறமானது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய பொருள்களில் சேலையும் உண்டு. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டால் பெயரைக் காக்க முடிகிறது, தறியில் பக்கத்தில் உட்கார இன்னோர் ஆளைத் தர முடிவதில்லை. கூலியும் நேரமும் கட்டுப்படியாகாமல் பலர் ஒற்றை நாடாவுக்கு மாறிவிட்டார்கள்.

தமிழ்க் கல்யாணங்களில் கூறைப்புடவையும் முகூர்த்தப்புடவையும் இன்றும் பெரும்பாலும் பட்டுதான். மடிசாருக்கு ஒன்பது கஜம், மற்றபடி ஆறு கஜம். மயில்கண், ருத்திராட்சம், வைர ஊசி, அன்னப்பட்சி என்று வடிவங்களின் பெயர் சொல்லிக் கேட்கும் பாட்டிமார் குறைந்துவருகிறார்கள். கட்டிப் பழசாகி மடிப்பில் விண்டுபோன புடவையை, “பழைய பட்டுப்புடவை வாங்குறது” என்று தெருவில் குரல்கொடுத்து வருபவர் வாங்கிப்போகிறார். அதை எரித்து, ஜரிகையிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். விலை பேசும்போது அவர் பார்ப்பது ஜரிகையை மட்டும்தான். கோர்வையா இல்லையா என்று கேட்பதில்லை.