படிகமல்லாத சிலிக்கன் சூரிய மின்கலத்தின் வரலாறு

கணிப்பான்களில் எண்கள் தெரியும் திரைக்கு மேலே கருஞ்சிவப்பாக ஒரு சிறு பட்டை இருப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் படிகமல்லாத சிலிக்கனால் ஆன சூரிய மின்கலம். ஜப்பானின் சான்யோ நிறுவனம் 1980-இல் இதைக் கணிப்பான்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலுள்ள சிலிக்கன் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை.

இந்தப் படலம் எளிதில் கைவந்துவிடவில்லை. சிலிக்கனை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடியின் மேல் படியவைத்தபோது படலம் உருவானது. ஆனால் மின்கலத்துக்கு உதவவில்லை. படிகத்தில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் நான்கு அணுக்களோடு பிணைந்திருக்கும். ஆவியிலிருந்து ஒழுங்கின்றிப் படியும்போது பல அணுக்களுக்கு மூன்று துணைகளே அமைகின்றன. மிஞ்சிய கையைத் 'தொங்கும் பிணைப்பு' என்பர். ஒளி விடுவிக்கும் எலக்ட்ரான் வெளிச்சுற்றுக்குப் போகும் முன்பே அங்கே சிக்கிக்கொள்ளும்.

இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலிருந்த ஓர் ஆய்வகத்தில் சிட்டிக்கும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் சென்றனர். சைலேன் வாயுவை மின்னிறக்கத்தால் சிதைத்துப் படலம் உண்டாக்கி, 1969-இல் முடிவுகளை வெளியிட்டனர். இதே முறையில் 1975-இல் டண்டீ பல்கலைக்கழகத்தின் ஸ்பியரும் லிகோம்பரும் மாசூட்டல் இயலும் என்று காட்டினர். சைலேனில் இருந்த ஹைட்ரஜன், படலத்திலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அணுக்களாகத் தங்கித் தொங்கும் பிணைப்புகளை மூடிவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் சேர்த்ததல்ல. படியவைத்த முறையோடு தானாக வந்த நன்மை அது.

அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் கார்ல்சனும் ரான்ஸ்கியும் 1976-இல் அறிவித்த மின்கலத்தின் செயல்திறன் 2.4 விழுக்காடு. மறு ஆண்டே ஒரு கெட்ட செய்தி வந்தது. வெளிச்சத்தில் வைத்தால் இப்படலத்தின் மின்கடத்தும் பண்பு குன்றுகிறது என்று ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் கண்டறிந்தனர். சூரிய மின்கலத்துக்குச் சூரிய ஒளியே பகை! 150 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது மட்டுமே ஆறுதல்.

ஆகவே கவனம் படியவைக்கும் முறையின்மேல் குவிந்தது. கண்ணாடியின் வெப்பம் 200 முதல் 250 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் ஹைட்ரஜன் மிகுந்து படலம் நுண்துளைகளுடன் அமையும். வெகுவாகக் கூடினால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும். மின்திறனைக் கூட்டி விரைவுபடுத்தினால் வாயுவிலேயே தூள் உண்டாகும். விநாடிக்கு ஓரிரு ஆங்ஸ்ட்ராம் வேகத்தில்தான் நல்ல படலம் வளரும்; அதனால் அரை மணிக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும்.

மின்கலத்தின் மூன்று அடுக்குகளையும் ஒரே அறையில் படியவைத்தால், முதல் அடுக்குக்கு விட்ட போரான் சுவரில் தங்கி நடு அடுக்கைக் கெடுக்கும். புளிக்குழம்பு வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் பால் காய்ச்சினால் என்ன ஆகும்? சான்யோவில் குவானோவின் குழுவினர் அடுக்குக்கு ஓர் அறை என்று பிரித்துச் செயல்திறனை உயர்த்தினர். சைலேனோடு ஹைட்ரஜனை மிகுதியாகக் கலந்தால் ஒளியால் வரும் தேய்வு குறைவதும் பின்னர் தெரியவந்தது.

படிகச் சிலிக்கனின் விலை இறங்கியதும் கூரைகளில் இப்படலத்துக்கு இடம் குறைந்துபோனது. ஆனால் சான்யோ அதைச் சில நானோமீட்டர் தடிமனில் படிகச் சில்லின் இருபுறமும் பூசிப் புதுவகை மின்கலம் செய்தது. சில்லின் மேற்பரப்பிலுள்ள தொங்கும் பிணைப்புகளை அந்தப் பூச்சு மூடுகிறது. சான்யோவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட பானசோனிக், 2014-இல் இவ்வகையில் 25.6 விழுக்காட்டை எட்டியது.