ஊராட்சித் தலைவர் – அதிகாரி பிணக்குகள் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கும் அரசு அலுவலர்களுக்கும் இடையே எழும் அதிகாரத் தகராறுகளும் அவற்றுக்கான தீர்வு முறைகளும் இத்தலைப்பில் அடங்கும். 73ஆவது அரசமைப்புத் திருத்தத்தை ஒட்டி இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இவற்றை நெறிப்படுத்துகிறது.

அதிகார அமைப்பு

கிராம ஊராட்சியில் தீர்மானங்களைச் செயல்படுத்தும் பொறுப்பு தலைவருடையது. ஊராட்சி ஒன்றியத்தில் அப்பொறுப்பு ஆணையராகச் செயல்படும் வட்டார வளர்ச்சி அலுவலருடையது. மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். ஊராட்சிச் செயலர் தலைவரிடம் வேலை பார்த்தாலும் ஒன்றிய அலுவலகத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

பிணக்கின் களங்கள்

பெரும்பாலான தகராறுகள் பணத்தில் தொடங்குகின்றன. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் குடிநீர்த் தொட்டி இயக்குபவரின் சம்பளமும் தெருவிளக்குப் பொருள்களுக்கான பட்டியல் தொகையும் நின்றுவிடும். பட்டியல் சாதித் தலைவர்களையும் பெண் தலைவர்களையும் முடக்க இம்மறுப்பு பயன்படுத்தப்பட்டதுண்டு. ஊராட்சிக்குள் நடக்கும் பணிகளுக்கு ஒன்றிய அளவிலேயே ஒப்பந்தம் விடப்படுவது தலைவர்களின் மற்றொரு குறை.

தீர்வு வழிகள்

சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ பிரிவு 202 ஆய்வாளருக்கு அதிகாரம் தருகிறது. பிரிவு 203 அவசரகால அதிகாரங்களைப் பற்றியது. காசோலை அதிகாரத்தைப் பறித்து அலுவலரிடம் ஒப்படைக்க ஆட்சியர்கள் இதையே பயன்படுத்துகின்றனர். விளக்கம் கேட்காமல் பிறப்பிக்கப்பட்ட இத்தகைய உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததுண்டு. பிரிவு 205இன்படி தலைவரைப் பதவிநீக்க, அவரிடம் விளக்கம் பெற வேண்டும். வட்டாட்சியர் கூட்டும் மன்றக் கூட்டத்தின் கருத்தையும் அறிய வேண்டும். அதன்பின் ஆய்வாளர் முடிவெடுப்பார். அதை எதிர்த்து அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விமர்சனம்

நிர்வாகத்தின் மாவட்டத் தலைமையே தகராறில் நடுவராகவும் இருப்பது இம்முறையின் அடிப்படைக் குறையாகச் சுட்டப்படுகிறது. இதற்கு மாறாக, கேரளத்தில் ஊராட்சித் தீர்மானத்தை ரத்து செய்யும் முன் அரசு அதை உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளருக்கோ தீர்ப்பாயத்துக்கோ அனுப்ப வேண்டும். தேர்தல் தள்ளிப்போகும் காலங்களில் தமிழக ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் செல்கின்றன. பெரும்பாலான மாவட்டங்களில் 2016 அக்டோபர் முதல் 2020 ஜனவரி தொடக்கம் வரை அந்நிலை நீடித்தது. அப்போது அதிகாரிக்கு எதிரே கேள்வி கேட்க ஊராட்சி மன்றமே இருக்கவில்லை.