முண்ணாண் முறிந்தோரும் வைத்திய வரலாறும்

1917ஆம் ஆண்டு, ஜேர்மனியின் மேல் சிலேசியாவிலுள்ள சுரங்க நகரொன்றின் வைத்தியசாலைக்கு, முதுகெலும்பு முறிந்த இளம் நிலக்கரித் தொழிலாளி ஒருவன் கொண்டுவரப்பட்டான். அங்கு ஊழியம் புரிந்த இளைஞர் லுட்விக் குட்மன் அவனது நோய்க்குறிப்பை எழுத முற்பட்டார். சில வாரங்களில் இறக்கப்போகிறவனுக்குக் குறிப்பெதற்கு என்றனர் மூத்தோர். அவ்வாறே அவன் இறந்தான்.

இவ்வாறு கைவிடுதல் புதிய வழக்கமன்று. ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய ஏடொன்றும் இக்காயத்தை வைத்தியத்துக்கு அப்பாற்பட்டதென ஒதுக்கியது. ஆனால் இவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்வழி நோய்த்தொற்றுமே. இவை பராமரிப்பினால் தடுக்கத்தக்கவை. பராமரிப்பின்மைக்கு விதி என்று பெயரிடுவதில் நாம் பழகியவர்களல்லவா?

குட்மன் யூதர், நாசிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்தார். ஐரோப்பியப் படையிறக்கத்தில் காயமுறுவோரை எதிர்நோக்கிய பிரித்தானிய அரசு, 1944 பெப்ரவரியில் ஸ்ரோக் மண்டவிலில் தனிப்பிரிவொன்றைத் திறந்து அவரிடம் ஒப்படைத்தது. (அமெரிக்காவில் டொனால்ட் மன்றோ 1930களிலேயே இத்தகைய பணியைத் தொடங்கியிருந்தார்.) இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளரைத் திருப்பிப் படுக்கவைத்தனர். அதன் பின்பே கைகளுக்குப் பயிற்சி, தொழிற்பட்டறை, விளையாட்டு எல்லாம். போர்வீரனுக்குக் கிடைத்த இக்கவனம் சுரங்கத் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வினவாமல் இவ்வரலாற்றை நாம் படிக்க முடியாது.

நடை? கால்களை இரும்புத் தாங்கிகளில் இறுக்கி, சமாந்தரக் கம்பிகளைப் பற்றி, தோள்வலிமையால் உடலை முன்னே வீசுவதே அக்கால நடை. களைப்பு மிகுதியாதலின் பலர் அன்றாட வாழ்வுக்குச் சக்கர நாற்காலியையே தெரிந்தனர். அதனைத் தோல்வியென நாம் கருதவில்லை.

மூளையின் ஆணையின்றியே முண்ணாண் நடையின் தாளத்தை எழுப்பவல்லது என்பதை 1911இல் கிரகாம் பிரவுண் பூனைகளில் காட்டியிருந்தார். அவ்வறிவு மனிதருக்குப் பயிற்சியாக மாறப் பல பதிற்றாண்டுகள் சென்றன. உடலைக் கயிற்றுப் பட்டையில் தொங்கவிட்டு, நகரும் பட்டிமீது கால்களைப் பிறர் எடுத்துவைத்து நடத்தும் முறை 1990களில் பரவியது. முண்ணாண் முற்றாக அறுபடாத 146 பேரிடையே இதனையும் தரையில் நடத்தும் சாதாரணப் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியாயிற்று; வேறுபாடு காணப்படவில்லை. விலையுயர்ந்த பொறியை விற்போர்க்கு இது உவப்பான செய்தியன்று!

2018இல், முண்ணாணின் மேலுறைமீது பொருத்திய மின்வாய்களின் தூண்டலால், இயக்கம் முற்றாக இழந்தோர் சிலர் துணைக்கருவியுடன் தரையில் நடந்தமை அமெரிக்காவிலிருந்து அறிவிக்கப்பட்டது. பங்குகொண்ட நால்வருள் அவ்வாறு நடந்தோர் இருவர். ஒருவருக்கு 15 வாரங்களில் 81 தடவை பயிற்சி தேவைப்பட்டது. மற்றவருக்கு 85 வாரங்களில் 278 தடவை. அச்சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்தவை சில வாரங்களே. அவற்றிலும் பயிற்சி எதுவும் இருக்கவில்லை.