ஜீப்பும் அதன் மூச்சுக் குழாயும்

மலர்க் குழு நண்பர்கள் "சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும்" என்று கேட்டார்கள். பல்லவரையும் சோழரையும் பற்றி எழுதப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது நம் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஓடும் ஒரு சின்ன சரித்திரம்: ஜீப்பின் பெட்ரோல் டாங்கும், அது மூச்சு விடும் துளையும். "இதில் என்னய்யா சரித்திரம்?" என்று சிரிக்காமல் படியுங்கள்.

1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 2.2 லிட்டர் எஞ்சின், 60 குதிரைசக்தி. பெட்ரோல் டாங்க் இருந்தது டிரைவர் ஸீட்டுக்கு அடியில். பெட்ரோல் போட வேண்டுமானால் டிரைவர் எழுந்து மெத்தையைத் தூக்க வேண்டும்! யுத்தம் முடிந்தபின், 1940களின் இறுதியில், மஹிந்திரா கம்பெனி உதிரிகளாக வந்த ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு இங்கேயே தயாரித்தது. என் வயதுக்காரர்களுக்கு ஜீப் என்றாலே பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப்தான் ஞாபகம் வரும்.

இந்த வண்டியில் பெட்ரோல் போகும் வழி ரொம்ப எளிது. டாங்கிலிருந்து குழாய், எஞ்சினின் கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள இயங்கும் டயாஃப்ரம் பம்ப், அங்கிருந்து கார்புரேட்டர். பம்ப் பெட்ரோலை உறிஞ்சும்போது, காலியாகும் இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பம்ப் தோற்றுப்போகும். வண்டி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கிளம்பும். பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடி நிற்கும். சுண்டைக்காய்த் துளைதான், அதற்குள் தூசி அடைத்துக்கொண்டால் மனுஷனைப் பைத்தியமாக்கிவிடும்.

முடிச்சூரில் இருக்கும் என் நண்பர் ஒருவரிடம் 1960களில் செய்த ஸி.ஜே.3பி ஜீப் ஒன்று உண்டு. இதே வியாதிக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்துப் பூட்டினார்கள். காசு போனதுதான் மிச்சம். கடைசியில் மேற்குத் தாம்பரத்து மெக்கானிக் ஒருவர், வண்டி நின்ற இடத்திலேயே, "சார், எதையும் தொடாதீங்க. டாங்க் மூடியை மட்டும் மெதுவா திறங்க" என்றார். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அவ்வளவுதான் சார், வண்டிக்கு மூச்சு முட்டுது!" மூடியில் இருந்த துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். தீர்ந்தது.

ராணுவத்துக்கு இந்த மூச்சு விவகாரம் நன்றாகவே தெரிந்திருந்தது. எஞ்சினின் கீழ்ப்பகுதியில் சேரும் புகையை அந்தக் காலத்து கார்கள் ஒரு குழாய் வழியே ரோட்டில் விட்டன. யுத்தகால ஜீப்போ அதை ஒரு வால்வு மூலம் மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே இழுத்து எரித்தது. அமெரிக்கக் கார்களில் அந்த வால்வு 1960களில்தான் பரவலாக வந்தது, அதுவும் மாசுக் கட்டுப்பாட்டுக்காக. 1950-ல் வந்த எம்-38 ராணுவ ஜீப்பில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகக்கூடாது என்று டாங்க் முதலியவற்றின் மூச்சுக் குழாய்களை ஏர் கிளீனர் வரை கொண்டுபோனார்கள். பட்டாளத்து ஜீப்புக்குக் கிடைத்த இந்த வசதி ஊர் ஜீப்புக்குக் கிடைக்கவில்லை.

நம் பகுதிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஹெரால்டு கார் செய்த நாட்கள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது, 1988-ல் ஆலை மூடப்பட்டது. மறைமலைநகரில் ஜப்பானின் மிகுனி கூட்டுறவோடு உகால் கம்பெனி கார்புரேட்டர் செய்தது. இதைவிட வேடிக்கை, 1995-ல் மஹிந்திராவும் ஃபோர்டும் கைகோத்ததுதான். ஃபோர்டு யுத்தத்தில் ஜீப் செய்த கம்பெனி, மஹிந்திரா அந்த ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பெனி; இரண்டும் சேர்ந்து தொழிற்சாலை அமைக்கத் தேர்ந்த இடம் நம் மறைமலைநகர்! அதில் செய்தது ஜீப் அல்ல, கார். சில ஆண்டுகளில் மஹிந்திரா விலகியது. 2022-ல் ஃபோர்டும் அங்கே கார் செய்வதை நிறுத்தியது. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் மட்டும் 2012 முதல் செங்கல்பட்டுக்கு அருகே இருக்கிறது.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பொங்கி முடிச்சூருக்குள் வந்தது. நண்பரின் ஜீப் ஸீட் வரை தண்ணீரில் நின்றது. காற்றுக்காக வைத்த துளை தண்ணீருக்கும் வழிவிட்டது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், ஆகவே டாங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். டாங்கைக் கழற்றினோம். உள்ளே துரு. சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கி, பலமுறை கழுவினோம். ஊசித் துளைகளைப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

மாணவ நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். காலி டாங்க்தான் நிறைந்த டாங்கைவிட ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் இருந்தாலே வெடிக்கும். காலி டாங்கில் வெறும் வாசனை என்று நாம் நினைப்பது அதுதான். மெக்கானிக் டாங்கை நன்றாகக் கழுவி, துளை இருக்கும் பக்கத்தை மேலே வைத்து, அதன் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் பத்தவைப்பைத் தொட்டார். "அவசரப்பட்டா ஆளே இருக்க மாட்டோம் சார்" என்றார்.

இப்போது வந்திருக்கும் புதுத் தலைவலி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் பழைய ரப்பர் டயாஃப்ரம் அதில் ஊறி உப்புகிறது. முன்பெல்லாம் கண்ணாடிக் கிண்ண ஃபில்டரில் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். எத்தனாலோ ஓரளவு தண்ணீரைக் கரைத்து மறைத்துக்கொள்ளும். அளவு மீறினால் திடீரென்று இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், மூச்சுத் துளை வழியே ஈரக் காற்று போய்க்கொண்டே இருக்கிறது. டயாஃப்ரமையும் ஹோஸையும் எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகை ரப்பருக்கு மாற்றினோம். டாங்கை நிறைத்து வைப்பதும், மாதம் இருமுறை ஓட்டுவதும் இப்போது நண்பரின் வழக்கம்.

எலெக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நண்பர் மறுத்துவிட்டார். 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. பம்ப் அதில் சேருமா சேராதா என்று வாதாட அவருக்கு விருப்பமில்லை. பதிந்தபின் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கு, பராமரிப்புக்கு, பெட்ரோல் போட, இப்படிச் சில காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.