வக்ஃபில் சேர்ந்த வாள்கள்

வக்ஃபு என்றதும் நம் நினைவுக்கு வருபவை நிலமும் தோப்பும் கடைகளுந்தாம். பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த நஞ்சையும் மதரஸாவுக்கு விட்ட தென்னந்தோப்பும் இடம்பெயராதவை. தலைமுறைகள் கடந்தும் பயன் தருபவை. ஆனால் இடம்பெயரும் பொருளும் வக்ஃபாகுமா என்ற வினா இஸ்லாமியச் சட்ட வரலாற்றில் மிகப் பழையது. அதற்கு விடை தேடிய அறிஞர்களுக்குச் சான்றாக முன்னின்றவை போர்க்கருவிகள். ஒருவருடைய உடைமையாக இருந்த கவசமும் வாளும் குதிரையும் அறக்கொடையாக மாறிய வரலாற்றையும், அதனால் சட்டம் விரிந்த விதத்தையும் இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அபூஹுரைரா (ரலி) வழியாக ஒரு செய்தி இடம்பெறுகிறது. ஜகாத் திரட்டச் சென்ற வேளையில் காலித் பின் வலீத் (ரலி) அதனைக் கொடுக்கவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. காலித் தம் கவசங்களையும் போர்த்தளவாடங்களையும் இறைவழியில் ஒப்படைத்துவிட்டார் என்றும், அவரிடம் ஜகாத் கேட்பது அவருக்கு இழைக்கும் அநீதி என்றும் பெருமானார் விளக்கினார்கள். இதற்கு விரிவுரையாளர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று நம் கருத்துக்கு உரியது. அத்தளவாடங்களை வணிகச் சரக்கு எனக் கருதியே ஜகாத் கேட்கப்பட்டது. அவையோ முன்னரே வக்ஃபாகிவிட்டன. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அதனைப் பயன்படுத்தும் கையும் மாறாதிருக்கலாம். எனினும் உடைமை மாறிவிட்டது. உடைமை மாறியதும் கடமையும் மாறிவிட்டது.

காலித் (ரலி) ஹிஜ்ரி 21இல் (கி.பி. 642) படுக்கையில் உயிர்நீத்தார்கள். அப்போது குதிரை, ஆயுதம், ஓர் ஏவலாள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பெருமானார் (ஸல்) அவர்களும் மறையும்போது தம் வெள்ளைக் கோவேறு கழுதை, ஆயுதங்கள், தர்மமாக்கிய நிலம் ஆகியவற்றையன்றிப் பொற்காசோ வெள்ளிக்காசோ விட்டுச்செல்லவில்லை என்பது புகாரியில் உள்ள செய்தி.

விலங்குகளையும் போர்க்குதிரைகளையும் பிற பொருள்களையும் வக்ஃபு செய்வதற்கென்றே இமாம் புகாரி தனிப் பாடம் வகுத்தார். அதில் உமர் (ரலி) அவர்கள் இறைவழியில் கொடுத்த குதிரையின் செய்தியைச் சேர்த்தார். பெற்றவர் அதனை விற்க முற்பட்டபோது, தாமே விலைக்கு வாங்கிக்கொள்ளலாமா என உமர் (ரலி) கேட்டார்கள். வாங்க வேண்டாம் என்றும், கொடுத்த தர்மத்தின்பால் திரும்ப வேண்டாம் என்றும் பெருமானார் தடுத்தார்கள். அக்குதிரை வக்ஃபா, அன்பளிப்பா என்பதில் அறிஞர்கள் வேறுபட்டனர். ஆயினும் கொடுத்ததைத் திரும்பப் பெறலாகாது என்ற நெறி அங்கே உறுதிப்பட்டது.

சட்ட அறிஞர்களிடையே இது எளிதில் தீர்ந்த வினாவன்று. வக்ஃபுக்கு நிலைபேறு வேண்டும். இடம்பெயரும் பொருளோ தேயும், உடையும், அழியும். இக்காரணத்தால் அத்தகைய பொருளை வக்ஃபு செய்வதை இமாம் அபூஹனீஃபா (மறைவு கி.பி. 767) ஏற்கவில்லை. அவருடைய மாணவர் அபூயூசுஃப் (மறைவு 798) நிலத்தைச் சார்ந்த உழவு மாடு முதலியவற்றை நிலத்தோடு சேர்த்து ஏற்றார். மற்றொரு மாணவரான முஹம்மத் அஷ்ஷைபானி (மறைவு 805), பொதுவிதி தடுத்தாலும் நபிவழிச் சான்று உள்ளமையால் ஆயுதமும் குதிரையும் வக்ஃபாகும் என்றார். அபூயூசுஃபும் இதில் உடன்பட்டார் என்பர். அஷ்ஷைபானி அதற்கும் ஒருபடி மேலே சென்று, மக்களிடையே வழக்கிலுள்ள பொருள்களும் வக்ஃபாகலாம் என்றார். கோடரி, வாய்ச்சி, ரம்பம், ஜனாஸாவைச் சுமக்கும் கட்டில், சமையல் பாத்திரங்கள், குர்ஆன் பிரதிகள் என அப்பட்டியல் நீளுவதை மர்கீனானியின் ஹிதாயாவில் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபோ, பொருள் அழியாமல் அதன் பயனைப் பெற முடியுமானால் அது வக்ஃபாகும் எனத் தெளிவாக வரையறுத்தது.

அஷ்ஷைபானி திறந்த இவ்வாயில் வழியேதான் பிற்காலத்தில் பணமும் வக்ஃபுக்குள் நுழைந்தது. 16ஆம் நூற்றாண்டு உதுமானியப் பேரரசில் பண வக்ஃபைப் பற்றிக் கடும் விவாதம் எழுந்தபோது, ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் மக்கள் வழக்கையே ஆதாரமாகக் கொண்டு அதனை ஆதரித்தார். பிர்கிவீ வன்மையாக எதிர்த்தார்.

சட்டநூல் கூறியதை இரும்பிலேயே காணவும் இயல்கிறது. மம்லூக்கியர் ஆண்ட எகிப்தில் அலெக்சாந்திரியா ஓர் எல்லைக்காவல் நகரம். 1365இல் சைப்ரஸ் மன்னர் முதலாம் பீட்டரின் படை அதனைச் சூறையாடியது. 1426இல் மம்லூக்கியப் படை சைப்ரஸை வென்று அரசர் ஜானுஸைச் சிறைபிடித்தது. இக்காலத்தையொட்டி, அன்பளிப்பாகவோ திறையாகவோ போரில் கிடைத்த பொருளாகவோ வந்த ஐரோப்பிய வாள்கள் அந்நகரின் ஆயுதக் கிடங்கில் சேர்ந்தன. அவற்றுட் பலவற்றின் அலகில் சுல்தான் அல்லது தளபதியின் பெயர், ஆண்டு, கைம்மாற்றத்தகாத உடைமை என்னும் குறிப்பு ஆகியவை அரபியில் பொறிக்கப்பட்டுள்ளன. 1517இல் எகிப்து உதுமானியர் வசமானது. அவ்வாள்களுட் பல இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகங்களில் உள்ளன. சில மேலைநாடுகளிலும் உள்ளன. காகிதம் தொலைந்தாலும் வாளின் பதிவு தொலையவில்லை.

நம் காலத்தில் இதனோடு ஒப்பிடத்தக்க ஒன்று அமெரிக்காவில் உண்டு. அங்கு 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் இயந்திரத் துப்பாக்கி, குறுங்குழல் துப்பாக்கி, ஒலியடக்கி போன்றவை அரசிடம் பதிவாக வேண்டும். தம் பெயரில் பதிவான ஆயுதத்தைத் தாமே அமைத்த டிரஸ்டுக்கு மாற்றினாலும் அது கைமாற்றமே. அதற்கு விண்ணப்பமும் ஒப்புதலும் தேவை. 2016 முதல் டிரஸ்டின் பொறுப்பாளர்கள் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டியுள்ளது. 200 டாலர் கைமாற்று வரி 2026 முதல் பெரும்பாலான வகைகளுக்கு நீங்கியது; இயந்திரத் துப்பாக்கி முதலிய சிலவற்றுக்கு நீடிக்கிறது. ஆங்கிலேய டிரஸ்டு முறைக்கு வக்ஃபே முன்மாதிரி என வாதிட்டோரும் மறுத்தோரும் உளர். இரண்டிலும் பொருள் வேறு, பொறுப்பாளர் வேறு, பயனாளி வேறு என்னும் பகுப்பு உண்டு. ஆயினும் அத்தகைய டிரஸ்டுகள் பெரும்பாலும் அமைத்தவரால் கலைக்கத்தக்கவை. உடைமையைக் குடும்பத்துக்குள் காப்பதே அவற்றின் நோக்கம். காலித் (ரலி) செய்ததோ உடைமையைத் துறத்தல்.

ஆயுதம் இன்று அரசின் பொறுப்பு. அதனை வக்ஃபு செய்யும் தேவை நமக்கில்லை. எனினும் அது திறந்த வாயில் வழியே வந்த பொருள்கள் நம் ஒவ்வொரு ஜமாஅத்திலும் உள்ளன. கடற்கரையூர்களின் ஷாஃபிஈ வழக்கிலும் உள்நாட்டு ஹனஃபி வழக்கிலும் ஜனாஸா சந்தூக்கும் நோன்புக்கஞ்சி காய்ச்சும் தேக்சாவும் பொதுச் சொத்தே. அவற்றோடு இன்று குளிர்பெட்டியும் ஆம்புலன்ஸும் சேர்ந்துள்ளன. பழைய கிதாபுகளும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளும் பள்ளிவாசல் அலமாரிகளில் கிடக்கின்றன. நிலத்துக்குப் பட்டா உண்டு. இவற்றுக்கு என்ன உண்டு? நிர்வாகம் மாறும்போது தேக்சா காணாமற்போகிறது. அலமாரி பழைய காகிதக் கடைக்குப் போகிறது. எழுதிவைக்காத வக்ஃபு, கேட்பாரற்ற வக்ஃபாகிறது.

இந்தியச் சட்டமும் இவற்றை ஒதுக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் அசையும் சொத்தையும் அசையாச் சொத்தையும் ஒருங்கே குறித்தது; 2025ஆம் ஆண்டின் திருத்தத்திலும் அவ்விரண்டும் நீடிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பதிவேடு திறப்பது நன்று. பொருள் எது, கொடுத்தவர் யார், எதன்பொருட்டு, எந்த ஆண்டு, இன்றைய பொறுப்பாளர் யார் என ஐந்து பத்திகள் போதும். கிதாபின் முதல் தாளிலும் தேக்சாவின் விளிம்பிலும் அவ்வாறே குறித்துவைக்கலாம். அலெக்சாந்திரியாவின் கிடங்குக் காவலர் ஒவ்வொரு வாளுக்கும் செய்த அச்சிறு பணியை, நம் முன்னோர் கொடுத்த பொருள்களுக்கு நாமும் செய்வோமாக.