ஸ்பென்சர் பிளாசா

சென்னை அண்ணா சாலையில், கன்னிமாரா ஓட்டலை ஒட்டி நிற்கும் பேரங்காடி. நகரத்தின் முதல் மால் இதுவே.

சார்லஸ் டுராண்டும் ஜே. டபிள்யூ. ஸ்பென்சரும் 1863-இல் மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) ஒரு கடை தொடங்கினர். அதைப் பெருநிறுவனமாக வளர்த்தவர் யூஜின் ஓக்‌ஷாட். இன்றைய மனையில், டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த இந்தோ-சரசெனிக் பாணி மாளிகையில் 1895-இல் பல்பொருள் அங்காடி திறக்கப்பட்டது. பக்கத்து கன்னிமாரா ஓட்டலும் ஸ்பென்சர் கைக்கு வந்தது; ரயில் நிலையங்களில் சிற்றுண்டி அறைகளையும் நடத்தினார்கள். துரைமார் வீட்டுச் சாமான்களுக்குப் பெயர்போன கடை, சாமானியர் வெளியே நின்று பார்த்த கடையும்கூட.

1983-இல் தீ அந்த மாளிகையை அழித்தது. அதே இடத்தில் 1990களின் தொடக்கத்திலிருந்து புதிய வளாகம் மூன்று கட்டங்களாக எழுந்தது. மொத்தப் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர அடி. முகப்பின் சிவப்பும் வளைவுகளும் பழைய மாளிகையை நினைவூட்டுவதற்காக வைத்தவை. உள்ளே குறுகிய நடைகளும் சிறு கடைகளுமாகப் பாரிமுனைச் சந்தின் சாயல்தான் மிகுதி. எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் 2010-இல் திறந்தபின் கூட்டம் அங்கே நகர்ந்தது. அதுவும் பழைய மனைதான்: மெட்ராஸ் கிளப்பும், பின்னர் பத்திரிகை அதிபர் ராம்நாத் கோயங்காவின் எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டும் இருந்த இடம்.